கம்பி பக்கத்தில் வந்துவிடுகிறது

சென்ற ஆண்டு எங்கள் வட்டாரப் பள்ளிகளுக்கிடையே நடந்த குறுவட்டத் தடகளப் போட்டியில், பதினான்கு வயதுக்குட்பட்ட மாணவியருக்கான உயரம் தாண்டுதலில், என் மகள் ஓர் உயரத்தைக்கூடத் தாண்டாமல் வெளியேறினாள். அப்போது அவளுக்கு 12 வயது நிறைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. போட்டியின் தொடக்க உயரம் 1.05 மீட்டர். அதற்கு முந்தைய பருவத்தில் பள்ளியின் மணல் குழியில் அவள் 1.10 மீட்டரைத் தாண்டியதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். ஆகவே அன்று அந்த மைதானத்தின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, நடந்ததை என்னால் நம்ப முடியவில்லை.

அவள் கம்பியைத் தட்டிவிட்டு விழவில்லை. ஓடி வந்தாள், கம்பிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். உயரம் தாண்டுதலில் அப்படி நிற்பது தவறாகாது; கம்பியின் தளத்தைக் கடந்து அப்பால் தரையைத் தொடாத வரையில், கொடுக்கப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் திரும்பிப் போய் மறுபடி ஓடி வரலாம். அவள் திரும்பிப் போனாள், ஓடி வந்தாள், மறுபடியும் நின்றாள். நேரம் முடிந்ததென்று நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். இரண்டாம் வாய்ப்பிலும் அதுவே நடந்தது. மூன்றாம் வாய்ப்பில், நான் கயிற்றுக்கு வெளியிலிருந்து, "உன்னால முடியும், பயப்படாம ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் ஓடி வந்து, நெஞ்சால் கம்பியை இடித்துக்கொண்டு மணலுக்குள் போனாள். எழுந்தபோது என் பக்கம் திரும்பவேயில்லை.

பிள்ளைகளுக்கு விளையாட்டில் தன்னம்பிக்கையை எப்படி வளர்ப்பது என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அந்தச் சொல்லை நானும் தளர்வாகவே பயன்படுத்திக்கொண்டிருந்தேன். ஊக்கமாக நான்கு வார்த்தை பேசினால் அது பிள்ளைக்குள் போய்விடும் என்று எண்ணியிருந்தேன். அன்று தொடங்கி ஓராண்டு, ஒரு மணல் குழியின் ஓரத்தில் நின்று நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். என்னைப் போல் கயிற்றுக்கு வெளியே நிற்கும் தாய் தந்தையருக்கு இது பயன்படக்கூடும்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். அன்று வீடு திரும்பும் வழியில், வண்டியின் பின்னால் அவள் உட்கார்ந்திருக்க, நான் கேள்விகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். ஏன் நின்றாய், என்ன பயம், போன பருவத்தில் தாண்டினாயே, நான் சொன்னது காதில் விழவில்லையா. ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. அவள் அழவும் இல்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், "இனிமே நான் போகலம்மா" என்று மட்டும் சொன்னாள். ஒரு பிள்ளை விளையாட்டை விட்டு விலகுவது மைதானத்தில் முடிவாவதில்லை என்றும், மைதானத்துக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள அந்த நான்கு கிலோமீட்டரில்தான் முடிவாகிறது என்றும் எனக்கு அப்போது தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இரவு அவளுக்குத் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் அந்த நேரத்தில்தான் நடக்கும். என் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் எனக்குத் தெரியாது. நான் எதுவும் கேட்கவில்லை. பாதிப் பின்னலில் அவளாகவே சொன்னாள்: "பயமெல்லாம் இல்லம்மா. ஓடி வரும்போது கம்பி பக்கத்துல வந்துடுது."

எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியைக்கு உடனே விளங்கியது. மறுநாள் நான் சொன்னதைக் கேட்டவர், அவளை மணல் குழிக்கு அழைத்துப் போனார். கம்பியை எடுத்துவிட்டு வெறும் தூண்களுக்கு நடுவில் ஓடச் சொன்னார். அவள் ஏழு எட்டு, அதாவது ஏழு தப்படி, ஓடித் தாண்டுகிறவள். ஓட்டம் தொடங்கும் இடத்தைக் குதிகாலும் விரலும் தொடப் பாதம் பாதமாக அளந்து, சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைப்பார்கள். பிள்ளைகள் அதை 'மார்க்' என்பார்கள். மகளின் மார்க்கை அளந்து வைத்தது அதற்கும் முந்தைய ஆண்டில். இடைப்பட்ட காலத்தில் அவள் 6 சென்டிமீட்டர் வளர்ந்திருந்தாள். கால் நீண்டதால் ஒவ்வோர் எட்டும் சிறிது நீண்டது. ஏழு எட்டில் அந்தச் சிறிது சிறிதெல்லாம் சேர்ந்து அவளைக் கம்பியின் மூக்குக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தியது. பழகுகிற பிள்ளைகள் கம்பியிலிருந்து ஏறத்தாழ ஒரு கை நீளத் தொலைவில் ஊன்றி எழும்ப வேண்டும். அவளுடைய கால் ஊன்றிய இடத்திலிருந்து எழும்பினால் கம்பியில் மோதுவதைத் தவிர வேறு வழியே இல்லை. அவளுடைய உடம்பு அதை அறிந்திருந்தது. அதனால்தான் நின்றது.

ஆசிரியை மார்க்கைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டார். மூன்றாவது ஓட்டத்திலேயே அவளுடைய கால் சரியான இடத்தில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, முந்தைய நாள் நான் கத்திய ஒவ்வொரு சொல்லும் எனக்கு வலித்தது. அளவு பிசகியிருந்த ஒரு பிள்ளையிடம் நான் துணிச்சல் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அவள் நின்றது புத்தியுள்ள செயல். அதைக் கோழைத்தனம் என்று நான் பெயரிட்டால், அவள் தன் உடம்பு சொல்வதை நம்புவாளா, அம்மா சொல்வதை நம்புவாளா?

பிள்ளை பயப்படுகிறது என்று நாம் சொல்லும் இடங்களில் பெரும்பாலானவற்றில் இப்படி ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கும் என்று இப்போது நான் உறுதியாக நம்புகிறேன். கைக்கு அடங்காத பந்து, தோளுக்குக் கனமான மட்டை, வளர்ந்த காலுக்குப் பழைய மார்க், ஒரு நிலை முன்னதாகவே சேர்க்கப்பட்ட அணி என்று அது எதுவாகவும் இருக்கலாம். அதைத் தேடிப் பார்க்காமல் மனத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவது வீண். பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 12 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் வளர்ச்சி மிக விரைவாக இருக்கும். நேற்று வரை சொன்னபடி கேட்ட கையும் காலும் திடீரென்று வேறொருவருடையவை போல் ஆகிவிடும். அந்த மாதங்களில் திறமை குறைந்துவிட்டதாகப் பிள்ளையும் நினைக்கிறது, நாமும் நினைக்கிறோம். பொறுத்துக்கொண்டு அளவுகளை மறுபடி எடுத்தால் போதும் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

ஆனால் மார்க்கைத் திருத்தியதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. கம்பியை வைத்ததும் அவள் மறுபடி நின்றாள். அளவு திருந்திய பிறகும், மோதிய நினைவு உடம்பில் தங்கியிருந்தது. இந்த இடத்தில்தான் ஆசிரியை செய்தவற்றைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

அவர் கம்பியை எடுத்துவிட்டு எலாஸ்டிக் கயிற்றைக் கட்டினார். மேலே பட்டால் கயிறு இழுபடும், வலிக்காது, ஓசை எழுப்பிக்கொண்டு கீழே விழாது. உயரத்தை 80 சென்டிமீட்டரில் வைத்தார். 12 வயதுப் பெண்ணுக்கு அது மிகத் தாழ்வு. மகளுக்கு அது அவமானமாகக்கூட இருந்தது. ஆசிரியை அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு வாரம் 80, 85, 90 என்று மட்டுமே தாண்ட வைத்தார். எண்ணிப் பார்த்தால் அந்த இரண்டு வாரத்தில் அவள் நூறு தடவைக்கு மேல் தாண்டியிருப்பாள். ஒவ்வொரு நாளும் பயிற்சி முடியும்போது, கடைசித் தாண்டல் தாண்ட முடிந்த தாண்டலாக இருக்க வேண்டும் என்பது அவருடைய விதி. மேலே முயன்று தட்டிவிட்டால், பிறகு கயிற்றை இறக்கி, ஒரு முறை நன்றாகத் தாண்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

இன்னொன்றும் செய்தார். காலையில் வந்ததும் மணலைக் கொத்திவிடும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்தார். எங்கள் ஊர்ப் பள்ளிகளில் பெரும்பாலும் மெத்தை கிடையாது, மணல் குழிதான். மழை பெய்து வெயில் காய்ந்தால் அது தரை போல் இறுகிவிடும். மண்வெட்டியால் தானே கொத்திப் பொலபொலப்பாக்கிய மணலில் விழப்போகிறோம் என்று தெரிந்த பிள்ளை, விழுவதைப் பற்றி யோசிப்பதில்லை. பத்திரமாக விழலாம் என்ற உறுதி இல்லாத இடத்தில் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசுவதே தவறு. (இதோடு சேர்த்து ஒரு வேண்டுகோள்: கைப்பேசியில் காணொளி பார்த்துவிட்டு, முதுகைக் காட்டித் தாண்டும் முறையைப் பிள்ளைகள் மணலில் முயன்று பார்க்கிறார்கள். அந்த முறையில் உடம்பு கழுத்தும் தோளுமாக இறங்கும். தடித்த மெத்தை இல்லாத இடத்தில் அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். மணல் குழியில், கத்தரிபோல் கால்களை ஒன்றன்பின் ஒன்றாக வீசித் தாண்டிக் காலால் இறங்கும் கத்தரி முறையே போதும்.)

உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற எண்ணம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று நான்கு ஊற்றுகளைக் குறிப்பிடுகிறார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்டது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், தன் உடம்பின் நிலையைத் தான் புரிந்துகொள்ளும் விதம். இவற்றுள் செய்து முடித்த அனுபவமே மிக வலியது என்கிறார். பெற்றோர் வாயால் சொல்லும் ஊக்கம் அதற்கு வெகு பின்னால்தான் வருகிறது. ஆசிரியை அந்தக் கட்டுரையைப் படித்தவரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் இரண்டு வாரத்தில் என் மகளுக்குச் சேர்த்துக் கொடுத்தது அந்த நூறு தாண்டல்களைத்தான். "உன்னால முடியும்" என்று நான் சொன்னபோது அவளிடம் அதற்குச் சான்று இல்லை. சான்றில்லாத புகழ்ச்சியைப் பிள்ளைகள் நம்புவதில்லை. நம் மனம் நோகக் கூடாதே என்று கேட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

உடம்பின் நிலையைப் புரிந்துகொள்வது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெயர் அழைக்கப்பட்டதும் நெஞ்சு படபடப்பதை மகள் பயம் என்றே எண்ணியிருந்தாள். ஆசிரியை, "அது பயமில்ல, உடம்பு ரெடியாகுது, எனக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றார். அதே படபடப்புக்கு வேறொரு பெயர் கிடைத்தது. அந்த ஒரு வாக்கியத்தின் பயனை நான் பல மாதங்கள் கண்டேன்.

புகழ்வதிலும் நான் மாற வேண்டியிருந்தது. "நீ பிறவித் தடகள வீராங்கனைடி" என்று சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இருந்தது. அவளுடைய சித்தப்பாவும் தாத்தாவும் அப்படியே சொல்வார்கள். கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு புதிரைத் தீர்த்ததும், சிலரை 'நீ புத்திசாலி' என்றும் சிலரை 'நீ நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிர்களில் எல்லோரும் தடுமாறிய பிறகு, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களின் ஆர்வமும் செயல்திறனும் சரிந்தன. உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்று முன்னேறினார்கள். இதற்குக் காரணம் ஊகிக்கக் கடினமானதன்று. பிறவியிலேயே வந்தது என்று சொல்லப்பட்ட ஒன்று ஒரு நாள் வராமல் போனால், பிள்ளை எங்கே போய் அதைத் தேடும்? இப்போது நான், "கடைசி மூணு எட்டு வேகமா இருந்துச்சு" என்று பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பார்க்காததைச் சொல்வதில்லை. அதற்காக உயரம் தாண்டுதலின் நுணுக்கங்களை நானும் கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அது எனக்குக் கிடைத்த இலாபம்.

பயிற்சியாளரின் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எண்களோடு ஒரு சான்று இருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மால் ஆகியோர் சிறுவர் பேஸ்பால் அணிகளின் பயிற்சியாளர்களிடையே நெடுங்காலம் ஆய்வு செய்தவர்கள். பிள்ளை தவறு செய்தால் திட்டாமல், முதலில் ஓர் ஆறுதல் சொல், பிறகு திருத்துவதற்கான ஒரு குறிப்பு, நன்றாகச் செய்தாலும் முயன்றாலும் உடனே பாராட்டு, தண்டனை வேண்டாம். இவ்வளவையும் ஒரு சில மணி நேரப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். 1992இல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சி பெறாதவர்களிடம் விளையாடிய சிறுவர்களில் 26 சதவீதத்தினர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. பயிற்சி பெற்றவர்களிடம் விளையாடியவர்களில் வராதவர்கள் 5 சதவீதத்தினரே. வெற்றி தோல்விக் கணக்கில் இரு வகை அணிகளுக்கும் வேறுபாடு இல்லை. கடுமையாக இருந்தால்தான் பிள்ளை ஜெயிக்கும் என்று சொல்பவர்களிடம் நான் இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் எடுத்துச் சொல்கிறேன். தன்னைப் பற்றித் தாழ்வாக எண்ணும் பிள்ளைகளே இத்தகைய பயிற்சியாளர்களால் மிகுதியாகப் பயனடைந்தார்கள் என்பதும் அவர்கள் கண்டது.

இனி மாரியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலம் மாவட்டத்தில் உயரம் தாண்டும் எந்தப் பிள்ளையின் காதிலும் அவர் பெயர் விழாமல் இருக்காது. பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, 5 வயதில் பேருந்து விபத்தில் வலது கால் சிதைந்தவர். காய்கறி விற்ற தாயால் வளர்க்கப்பட்டவர். பள்ளி உடற்கல்வி ஆசிரியரின் தூண்டுதலால் உயரம் தாண்டுதலுக்கு வந்தவர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், டோக்கியோவில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளியும், 2024இல் பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலமும் வென்றார். எங்கள் மாவட்டத்துக்கு அவர் பெருமை என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் மைதானத்தில் ஒரு தந்தை தம் மகனிடம், "கால் ஊனமானவரே அவ்ளோ தாண்டறாரு, உனக்கென்ன கேடு?" என்று சொன்னதைக் கேட்டேன். அந்தச் சிறுவன் தலைகுனிந்து நின்றான். மாரியப்பனுடைய வாழ்க்கையைக் கோலாக எடுத்து ஒரு பிள்ளையை அடிப்பது, அந்த மனிதருக்கும் இழிவு, அந்தப் பிள்ளைக்கும் கொடுமை. மேலும் அதனால் பயனும் இல்லை. பண்டூரா சொன்ன இரண்டாவது ஊற்று, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது. 1.89 மீட்டர் தாண்டுகிறவர் 1.05 மீட்டரில் திணறும் பிள்ளைக்குத் தன்னைப் போன்றவராகத் தெரிவதில்லை. வானத்து நட்சத்திரமாகத்தான் தெரிவார். என் மகளுக்கு உதவியது ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண். அவளும் ஒரு காலத்தில் கம்பிக்கு முன்னால் நின்றவள்தான். ஆசிரியை அந்தப் பெண்ணை மகளோடு சேர்த்துப் பயிற்சி செய்ய வைத்தார். "நான் அப்போ ரெண்டு மாசம் கயித்துலதான் தாண்டுனேன்" என்று அவள் சொன்னதை மகள் வீட்டில் வந்து மூன்று தடவை சொன்னாள். நான் சொன்ன ஒன்றையும் அவள் அப்படித் திருப்பிச் சொன்னதில்லை.

மற்றோர் ஆளைப் பற்றியும் இங்கே எழுதத் தோன்றுகிறது. 1963இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டிக் ஃபாஸ்பரி என்ற 16 வயதுப் பள்ளி மாணவன், அக்காலத்தில் எல்லோரும் தாண்டிய வயிறு கீழாக உருளும் முறை தனக்கு வராமல் தவித்துக்கொண்டிருந்தான். பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் தகுதி பெறுவதே அவனுக்குக் கடினமாக இருந்தது. பழைய கத்தரி முறைக்கே போகிறேன் என்று கேட்டபோது, பயிற்சியாளர் தடுக்கவில்லை. ஒரு போட்டி நாளில், கம்பி ஏற ஏற, இடுப்பைத் தூக்குவதற்காகத் தோளைப் பின்னால் சாய்க்கத் தொடங்கியவன், அன்று ஒரே நாளில் தன் உயரத்தைக் கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர் கூட்டிக்கொண்டான். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றது அந்த முதுகு காட்டும் முறையில்தான். இன்று உலகமே அவர் பெயரால் வழங்கும் முறையில்தான் தாண்டுகிறது. இந்தக் கதையில் என் நெஞ்சைத் தொடுவது ஒலிம்பிக் தங்கம் அன்று. வராத முறையை ஒரு சிறுவன் விட்டுவிட்டுப் பழைய முறைக்குப் போகிறேன் என்றபோது, அதைத் தோல்வி என்று சொல்லாமல் ஒப்புக்கொண்ட அந்தப் பள்ளிப் பயிற்சியாளர்தான்.

உயரம் தாண்டுதலுக்கு என்றே ஓர் இயல்பு இருக்கிறது. அதை மகளுக்கு விளக்கிச் சொன்ன நாளை நான் மறக்க மாட்டேன். இந்தப் போட்டியில் தொடர்ந்து மூன்று முறை தவறினால்தான் ஒருவருடைய ஆட்டம் முடிகிறது. முதலிடம் பெற்றவரும் பெரும்பாலும், கம்பியை மேலும் உயர்த்தச் சொல்லி, மூன்று முறை தவறிய பிறகே மைதானத்தை விட்டுப் போகிறார். 2021 ஆகஸ்ட் 1ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக்கில் கத்தாரின் முதாஸ் பர்ஷிமும் இத்தாலியின் ஜான்மார்க்கோ தம்பேரியும் 2.37 மீட்டர் வரை ஒரு முறையும் தவறாமல் தாண்டிவிட்டு, 2.39 மீட்டரில் இருவரும் மூன்று மூன்று முறை தவறினார்கள். அதன் பிறகே தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தக் காணொளியை நாங்கள் சேர்ந்து பார்த்தோம். ஆறு தவறல்களையும் மகள் விரல் விட்டு எண்ணினாள். பிறகு, "அப்போ ஜெயிச்சவங்களும் கடைசியா தட்டிட்டுத்தான் போறாங்களா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். அவள் வெகுநேரம் பேசவில்லை.

வயதைப் பற்றியும் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. பதினான்கு வயதுக்குட்பட்டோர் என்ற ஒரே பிரிவில், 12 வயது நிறைந்தவளும் 14ஐத் தொடப்போகிறவளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். உயரம் தாண்டுதலில் ஒருவர் எவ்வளவு வளர்ந்திருக்கிறார் என்பது நேரடியாகக் கணக்கில் வரும். மகளுடைய போட்டியில் முதலிடம் பெற்ற பெண் அவளைவிட ஒரு தலை உயரம். அதைச் சமாதானமாகச் சொல்லாமல் ஒரு செய்தியாகச் சொன்னேன். நார்வே நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு, பிள்ளைகளுக்கு 11 வயதாகும் ஆண்டு வரை தரவரிசையும் முடிவுப் பட்டியலும் கூடாது என்றும், 13 வயதுக்கு முன் தேசியச் சாம்பியன் போட்டிகள் கூடாது என்றும் விதி வைத்திருக்கிறது. அதே நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்று முதலிடத்தில் நின்றது. நம் ஊரில் சான்றிதழும் விளையாட்டு ஒதுக்கீடும் குடும்பங்களின் கண்முன் நிற்கும்போது அப்படி ஒரு விதி எளிதில் வராது. அந்தச் சான்றிதழ் ஓர் ஏழைப் பிள்ளையைக் கல்லூரி வாசலில் கொண்டுபோய் விடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆறாம் வகுப்பிலேயே அதைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையை அளக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியவை உண்டு. மகள் பெரியவளான அந்த ஆண்டுதான் இதெல்லாம் நடந்தது. சடங்கு முடிந்த மறுவாரமே உறவில் ஓர் அத்தை, "இனிமே குதிக்கிறதெல்லாம் எதுக்கு, வெயில்ல கறுத்துப்போயிடுவா" என்றார். அந்தச் சொல்லை மகளும் கேட்டாள். அவள் கம்பிக்கு முன்னால் நின்றதில் அந்தச் சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டா என்று நான் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் கயிற்றைச் சுற்றி நின்ற ஆண்களின் பார்வையையும், கால்சட்டை ஏறிவிடுமோ என்ற கவலையையும் சுமந்துகொண்டு ஓடும் பெண்ணுக்கு ஏழு எட்டை எண்ணுவது எளிதாக இருக்காது. நான் செய்தது சிறிய காரியங்கள். அவளுக்குப் பொருந்தும் விளையாட்டு உள்ளாடை இரண்டு வாங்கினேன். முழங்கால் வரை வரும் இறுக்கமான காற்சட்டையை உள்ளே போட்டுக்கொள்ளச் சொன்னேன். மாதவிடாய் நாட்களில் பயிற்சிக்குப் போவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும் என்று விட்டேன். பெரும்பாலான மாதங்களில் அவள் போனாள். அத்தையிடம் அவளுடைய அப்பாவே பேசினார். "அவ தாண்டட்டும் அக்கா" என்று மூன்றே சொல். அவர் அதைக் கூடத்தில், மகள் காதில் விழும்படி சொன்னது எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. ஆசிரியை பெண்ணாக இருந்ததும் எவ்வளவோ உதவி. எல்லாப் பள்ளிகளிலும் அப்படி அமையாது. அமையாத இடத்தில் தாய்மார் யாராவது ஒருவர் முறை வைத்துக்கொண்டு பயிற்சி நேரத்தில் போய் உட்கார்ந்திருந்தாலே பெண் பிள்ளைகளின் நிற்கும் விதம் மாறிவிடுகிறது.

இந்த ஆண்டின் குறுவட்டப் போட்டி சென்ற மாதம் நடந்தது. நான் கயிற்றின் ஓரத்தில் நிற்காமல், வேப்பமரத்தடியில், அவள் தேடினால் தெரியும் தொலைவில் உட்கார்ந்துகொண்டேன். காலையில் வண்டியில் போகும்போது தண்ணீர்ப் புட்டி எடுத்துக்கொண்டாயா என்பதைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

1.05 மீட்டரை முதல் வாய்ப்பிலேயே தாண்டினாள். கம்பி 1.10க்கு ஏறியது. அவள் பெயர் அழைக்கப்பட்டது. ஓடி வந்தாள்; கம்பிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள்.

என் கை தானாகப் புடவைத் தலைப்பைப் பற்றிக்கொண்டது. வாயைத் திறக்கவில்லை. அவள் திரும்பி நடந்தாள். தூணருகே போய்க் குதிகாலை வைத்தாள், அதன் முன் அடுத்த குதிகாலை வைத்தாள். அவசரமே இல்லாமல், பாதம் பாதமாக, உதடு அசைய எண்ணிக்கொண்டு பின்னால் போனாள். பழைய கோட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளிக் குதிகாலால் மண்ணில் ஒரு கீறல் போட்டாள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஓடினாள், ஊன்றினாள், தாண்டினாள்.

1.15 மீட்டரை மூன்றாவது வாய்ப்பில் தாண்டினாள். 1.18 மீட்டரில் மூன்று முறையும் தட்டினாள். நான்காம் இடம், மாவட்டப் போட்டிக்கு அந்த இடம் போதாது. மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், பாதிப் புட்டித் தண்ணீரைக் குடித்தாள். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். இரு என்று கை காட்டினாள். 1.18 மீட்டருக்கு இன்னும் மூன்று பெண்கள் தாண்ட வேண்டியிருந்தது. அவர்களில் வேறு பள்ளியைச் சேர்ந்த ஒல்லியான ஒரு பெண், ஓட்டத்தைத் தொடங்குவதற்காகத் தன் கோட்டில் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த அக்கா காலைப் பாரும்மா," என்றாள் மகள், "எவ்ளோ கரெக்டா வைக்கறாங்க, பாரு."